மூட்டு

முத்து என்று எழுத வராத வெள்ளைக்காரக் குமாஸ்தா
ஒரு பக்கத்தில் மூட்டூ என்று எழுதினான்,
இன்னொரு பக்கத்தில் மட்டோ.
ஈரத்தில் மை ஊறிப்போன மூன்றாவதை
மூத்தோ என்றுதான் படிக்க முடிகிறது.

மோல்மேன் கீழ்ச் சந்தையில் எனக்குத் தையல் கடை.
இரண்டு கைலி மூட்டினால் வரும் கூலி
ரங்கூனில் ஒரு பக்கம் நகலெடுக்கப் போதும்.
கடை எடுத்துவைத்த பின்,
கரண்டு இருக்கிற இரவுகளில்,
கைதிகளைப் படிப்பேன்:
சென்னப்பட்டணத்தில் கப்பலேற்றி
இந்த ஆற்றங்கரையில் இறக்கி
கல்லுடைக்க விட்டவர்களை.
நெற்றியில் பச்சை, காலில் வளையம்.
குற்றம், ஜில்லா, வயது, உயரம்.
தகப்பன் பெயருக்கு விட்ட கட்டத்தில்
ஒரு கோடு.

மூட்டூ.
என் தொழிலின் பேரையே வைத்துவிட்டானே என்று
மூன்று பக்கத்தையும் சேர்த்து மூட்டினேன்.
என் முத்து
சேலம் ஜில்லாவில் மாடு திருடி வந்தான்,
படித்துறைக்குச் செங்கல் சுமந்தான்,
அடைமழையில் ஆற்றைக் கடந்து ஓடினான்,
பிடிபட்டான், கிடந்தான், மன்னிக்கப்பட்டான்,
மோன் பெண் ஒருத்தியோடு பால் விற்று
கணக்குப் புத்தகத்தைவிட்டு
நல்லபடியாக வெளியே போனான்.

கோயில் ஆண்டு மலரில் நாலு பக்கம் வந்தது.
படித்துறைச் செங்கல்லைச் சிலர்
தொட்டுக் கும்பிட்டதாகக் கேள்வி.

பிறகு ஆஸ்பத்திரிப் பதிவேடு வந்தது.
மூட்டூ, சேலம், வாந்திபேதி,
நாற்பத்தொன்று ஆகஸ்ட்.
ஓடியது நாற்பத்து மூன்றில்.

உயரம் எப்போதும் அங்கேதான் இருந்தது.
ஐந்தடி ஒன்று.
ஐந்தடி மூன்றரை.
ஐந்தடி ஆறு.
முப்பத்தெட்டு வயதுக்கு மேல் யார் வளர்ந்தார்கள்?
அளவெடுத்தே சோறு தின்கிறவன் நான்.
குமாஸ்தாவின் நாடா சுருங்கியிருக்கும் என்று
ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்திருக்கிறேன்.

பிரிக்க உட்கார்ந்தேன்.
தைப்பதைவிடப் பிரிக்கத்தான் நேரம் பிடிக்கும்,
துணி கிழியக் கூடாதென்றால்.

மூட்டூவுக்கு மிஞ்சியது இரண்டு வரி.
வந்தான். பேதியில் போனான்.
செங்கல் அவன் சுமந்ததுதானா,
அதுவும் இப்போது தெரியவில்லை.
மட்டோ ஓடினான்;
அதற்குப் பிறகு எந்தத் தாளிலும் இல்லை,
இன்னும் ஓடுகிறான் என்றே வைத்துக்கொள்ளலாம்.
பிடித்து வந்ததோ மூத்தோவை,
இரண்டரை அங்குலம் நெட்டையானவனை.
பேர் ஒத்தது, நெற்றிப் பச்சை ஒத்தது,
போதும் என்று விலங்கு மாட்டினார்கள்.
நூற்றெழுபது வருஷம் கழித்து
விலங்கு இல்லாமல்
அதையே செய்திருக்கிறேன் நான்.

பால்காரன் மூத்தோவுக்கு மட்டும் பெண்டாட்டி உண்டு.
அவள் பேருக்குக் கட்டமே போடவில்லை.

கமிட்டிப் பொருளாளர் ஊ அம்பலத்திடம் போய்ச் சொன்னேன்.
“ஒரு முத்து போதுமய்யா,
மூணு பேர்னா பன்னிரண்டு பக்கம் கேட்பீர்,
காகிதம் விற்கிற விலையிலே?” என்றார்.
காப்பி கொடுத்தார். நல்ல மனிதர்தான்.

கடை நிலைக்கதவில்
துணியில் குறி போடும் சாக்குக்கட்டியால்
மூன்று கோடு போட்டேன், அவரவர் உயரத்தில்.
பேர் எழுதவில்லை.
எழுதினால் மூன்றும் ஒரே பேர்.
ஒவ்வொன்றுக்கும் நேரே நின்று பார்த்தேன்.
கடைசிக் கோட்டுக்கு எக்க வேண்டியிருந்தது.

மகளின் பள்ளிக்கூடப் பச்சைக் கைலியை
மூட்டக் கொண்டுவந்த டோ மியா சின்
கோடுகளைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள்.
“உங்க பையன்
நல்லா வளர்ந்துட்டான் போல.”

என் வாய் நிறையக் குண்டூசி.
தலையை ஆட்டினேன்,
மேலும் கீழுமா, பக்கவாட்டிலா,
நினைவில்லை.