ஃப்ளான் பற்றிச் சொன்னது

புவெனஸ் ஐரிஸில் முப்பத்தோரு வருடமாக
லிஃப்ட் பழுது பார்க்கிறேன்.
ஆள் ஏறுவது மட்டுமல்ல,
நிலவறைச் சமையலறையிலிருந்து மேலே
தட்டுகள் மட்டும் ஏறிப்போகும் சின்னப் பெட்டியையும்.
அதன் குழிக்குள் தலையை நுழைத்து
உங்கள் அடுப்படிகளை அண்ணாந்தும் குனிந்தும் பார்த்தவள்.
என்னிடம் மெனு அட்டையை நீட்டாதீர்கள்.

ரெகொலேத்தாவில், வெள்ளை விரிப்புக் கடை:
கறி நன்றாகத்தான் இருந்தது.
பரிமாறுகிறவர் அந்த மாட்டின் வாழ்க்கை வரலாற்றைச்
சொல்லி முடிப்பதற்குள்
கொழுப்பு உறைந்துவிட்டது.
ரொட்டிக்குக் காசு. முள்கரண்டிக்கும் காசு.
பில்லைப் பார்த்துவிட்டு
நாற்காலியை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

பலெர்மோவில் ஒரு பீட்ரூட்டை
மூன்றாக நறுக்கிக் கல்லின் மேல் வைத்துக் கொடுத்தார்கள்.
இரண்டில், கல்தான் வெந்திருந்தது.

கொரியென்தெஸ் தெருவில் நின்றபடி தின்னும் பீட்சா:
சீஸ் தட்டைத் தாண்டி வழிய வேண்டும், வழிகிறது.
மேலே கடலைமாவு அடையைப் போர்த்தியும் தருகிறார்கள்.
குறை சொல்ல ஒன்றுமில்லை,
ஆலிவுக்குள் கொட்டையை விட்டுவிடுகிறார்கள் என்பதைத் தவிர.
ஒரு கடைவாய்ப்பல் எனக்கு அந்தக் கடையில்தான் இருக்கிறது.

இந்த ஊரில் காரம் என்றால்
மிளகாயைச் சட்டிக்குத் தூரத்திலிருந்து காட்டுவது.
ஒன்ஸேயில் பெருநாட்டுக்காரர் யுப்பான்கி
கோழியோடு பச்சையாய் ஒரு கிண்ணம் வைத்தார்.
மூக்கு ஒழுகியது, காது அடைத்தது.
வேலைக்குத் திரும்பி
நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே
பெட்டிக்குள் தனியே நின்று
சந்தோஷமாக விக்கினேன்.

இப்படிப் பேசுவதற்கு விலை உண்டு.
அண்ணி மிர்த்தாவின் எம்பனாடாவில்
உலர்திராட்சை எதற்கு என்று கேட்டேன்,
இரண்டு கிறிஸ்துமஸ் பேச்சுவார்த்தை இல்லை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பேன்.
உப்பு கூடிவிட்டால்
கொஞ்சம் அதிகமாகவே நினைப்பேன்.

ஒரே ஒரு கடையைப் பற்றித்தான்
பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொயெடோவில், ஒவிதியோ கடை.
எட்டு மேசை. பெயர்ப்பலகையில் விளக்கு எரியாது.
மிலனேசா தட்டுக்கு வெளியே தொங்கும்,
கடித்தால் பக்கத்து மேசைக்குக் கேட்கும்.
முட்டையும் பாலும் காய்ச்சிய சர்க்கரையுமாய்
அந்த ஃப்ளான்,
மேசையில் வைத்ததும் ஒருமுறை தளும்பி
பிறகு உங்களுக்காக அசையாமல் நிற்கும்.
அங்கே சாப்பாட்டுப் பெட்டி கயிற்றில் ஓடுகிறது,
கப்பிக்குக் காசு வாங்காமல் எண்ணெய் போடுகிறேன்.
வியாழக்கிழமை, ஜன்னலோரம், சோடாக் குப்பி, நான்.

யார் கேட்டாலும்,
"அங்கேயா? போகாதீர்கள்.
மிலனேசா செருப்பு. ஃப்ளான் ரப்பர்" என்பேன்.
பழுது பார்க்கிற கட்டிடமெல்லாம் சொன்னேன்.
மாடி மாடியாகச் சொன்னேன்.

போன வியாழன் வாசலில் வரிசை.
ஜன்னலோரத்தில்
யாரோ ஒரு குடும்பம், குழந்தை நாற்காலியோடு.
ஒவிதியோ என் கையில் சீட்டைத் திணித்தார்: பதினேழு.
"என் ஃப்ளான் ரப்பராம், டெல்ஃபினா.
யாரோ ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்கள்.
அமுக்கிப் பார்க்கவே ஆள் வருகிறது.
அமுக்கிவிட்டு இன்னொன்று கேட்கிறது."
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்,
தேவைக்குக் கொஞ்சம் அதிகமான நேரம்.

முன்னால் நின்ற பையன் திரும்பினான்:
"இங்கே சாப்பிட்டிருக்கிறீர்களா? எப்படி இருக்கும்?"

முப்பத்தோரு வருடத்தில் முதல்முறையாக
வாய் பாதி மாடியில் நின்றுவிட்டது.

"உருளைக்கிழங்கு மசியலில்
ஜாதிக்காய் ஒரு சிட்டிகை தூக்கல்" என்றேன்.

அது உண்மை.