எட்டாம் கட்டம்

படிவத்தில் எட்டாம் கட்டம்:
நிலம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?
பதிலுக்கு இரண்டே கோடு.

கப்பல் சீட்டைக் கொடுத்து வாங்கியது
என்று எழுதினேன்.
கவுன்டர் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

ஆமாம் தாயே.
பத்து வருஷம் அடுத்தவன் கரும்பை வெட்டினால்
சென்னைக்குத் திரும்ப இலவசச் சீட்டு.
வேண்டாம் என்றால் சீட்டின் மதிப்புக்கு நிலம்.
உம்சின்டோவுக்குத் தெற்கே பதினேழு பேர்
வேண்டாம் என்றிருக்கிறார்கள்.

எங்கள் வகையில் சடையப்ப படையாச்சி, எண் 8417.
பன்னிரண்டு ஏக்கர். அதில் ஒன்பது பாறை.
சங்கிலி பிடித்து அளந்தவனிடம்
"இந்தச் சீட்டு மொரீஷியஸ் வரைக்கும்தான்
போகும் போலிருக்கே" என்றாராம்.
துரைக்குப் புரியவில்லை.
புரியாததால் அபராதமில்லை.

அடுத்த துண்டு இருளாயியுடையது.
பொம்பளை பேருக்கு நிலம் எழுத மாட்டார்கள்.
காய்ச்சலில் போன புருஷனை
ஒன்பது மாதம் சாகவிடாமல் வைத்திருந்தாள்,
காகிதத்தில்.
பத்திரம் அவன் பேரில்.
அடியிலிருக்கும் பெருவிரல் அவளுடையது.

மற்றவர்களைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்.
ஒருவன் புகையிலை போட்டு உருப்பட்டான்.
ஒருவன் வெட்டுக்கிளி இறங்கிய வருஷம்
மண்வெட்டியை வரப்பிலேயே போட்டுவிட்டு
டர்பனுக்கு நடந்தான்.
மிளகாய், பீன்ஸ், சோளம், பிறகு வாழை.
அதற்கும் பிறகு,
எதை இனி வெட்டமாட்டோம் என்று இங்கே வந்தார்களோ
அந்தக் கரும்பு.

ஆற்றுக்குப் பேர் எம்பெண்ணேணி.
எம் பெண், ஏணி.
வெள்ளத்தில் சிக்கிய பிள்ளைகளுக்கு
வானத்திலிருந்து ஏணி இறக்கியவள்.
கரையில் மூன்று கல் நட்டு
ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றினோம்.
ஆடியில் இங்கே பல் கிட்டும் குளிர்.
அவள் கோபித்துக்கொண்டதில்லை.

அறுபத்தெட்டில் அரசிதழில் நாலு வரி.
இனி இது வெள்ளையர் பகுதி.
பதினோரு குடும்பம், ஆறு லாரி.
கோழிகளை ஏற்ற இடமில்லை என்றான் டிரைவர்.
அம்மா கூண்டைத் திறந்துவிட்டாள்.
அவை வீட்டுக்குள்ளேயே திரும்பிப் போயின.
இப்போது அங்கே கம்பெனியின் தைல மரங்கள்
ஆற்றைக் குடித்துக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவையும் இரண்டு கோட்டில் எழுத முடியாது.

பெஞ்சில் என் பக்கத்தில் மாண்ட்லகாயிசே ஷோஜி.
அவர் கையிலும் அதே படிவம்.
எட்டிப் பார்த்தேன்,
அதே ஆறு.

"உங்கள் பன்னிரண்டு ஏக்கரை அளப்பதற்கு முந்தின வருஷம்
எங்கள் மாட்டுப்பட்டியைக் கொளுத்தினார்கள்"
என்றார், மணி என்ன என்று சொல்கிற குரலில்.
அந்தப் பாறைகளில் சில
அடுப்புக் கற்களாக இருந்திருக்கலாம்.

ஆற்றின் பேரைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.
"எம்ஃபெனேனி. இம்ஃபெனே என்றால் பபூன் குரங்கு.
பபூன்கள் இருக்குமிடம், அவ்வளவுதான்."
எனக்கும் சிரிப்பு வந்தது.
கவுன்டர் பெண் ஸ் என்றாள்.

அவர் படிவம் திரும்பி வந்தது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று,
ஜூன் பத்தொன்பதுக்கு முன்னால் பறிபோனது
சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதாம்.
என்னுடையதில் முத்திரை விழுந்தது,
ஈரமாக, கொஞ்சம் கோணலாக.

அதை ஒரு நிமிஷம் திரும்ப வாங்கி
எட்டாம் கட்டத்தின் ஓரத்தில் எழுதினேன்:
எங்களுக்கு முன்னால் ஷோஜி வீட்டார்.
"ஓரத்தில் எழுதுவதைக் கம்ப்யூட்டரில் ஏற்றமாட்டோம்"
என்றாள் அந்தப் பெண்.
இருக்கட்டும் என்றேன்.
ஷோஜி தொப்பியை எடுத்துக்கொண்டு
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

வீட்டில் மகன் கேட்டான்:
அப்போ இத்தனை வருஷம்
குரங்குக்கா கற்பூரம் காட்டினோம்?
ஆற்றுக்குத்தான் என்றேன்.

ஆறு யாருடையது என்று
அவன் கேட்கவில்லை.
நல்ல வேளை.