தோன்றா எழுவாய்

அருமனை சந்தை முக்கில் இ-சேவை மையம்.
விசிறி சுற்றுகிறது, காற்று ரெம்யாவின் பக்கம் மட்டும்.
"நலிவடைந்த பிரிவா, அண்ணா,
வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவா?
எதுல போடணும்?"
சாயாவுக்குச் சீனி வேணுமா
என்று கேட்கிற குரல்தான்.

எனக்குப் பின்னால் ஆறு பேர்.
அதில் ஒருவர் எங்கள் சபையில் காணிக்கை எண்ணுகிறவர்.

சட்டைப் பையில் வருமானச் சான்று:
ஆண்டுக்கு எழுபத்திரண்டாயிரம்.
"கான்கிரீட் வீடாக்குமே, ஓய்?" என்றிருந்தார் கிராம அலுவலர்.
ஆமாம். கூரை என்னுடையது.
கூரைக்குள் இருக்கும் கம்பி
இன்னும் ஒன்பது வருடத்துக்குச் சங்கத்துடையது.
இரண்டு மழையும் பெய்கிற ஊரில்
ரப்பர் வெட்டுகிறவனுக்கு
வருடம் என்பது எத்தனை மாதம் என்று
அவர் கேட்கவில்லை.
தாளில் ஷீட்டின் புளித்த வாடை ஏறியிருக்கிறது.

ஏழாம் வகுப்பு.
"இலவச நோட்டு வாங்குறவங்க எழும்புங்க" என்றார் சார்.
எழும்பினேன். என்னோடு பதினோரு பேர்.
கிறிஸ்துதாஸ் எழும்பவில்லை.
அவன் வீட்டில் இரண்டு நேரமும் மரச்சீனிதான், எனக்குத் தெரியும்.
பஸ் வளைவில் திரும்பும்போது பிடிப்பதுபோல
பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.
அந்த வருடம் முழுக்க
பழைய காலண்டரின் முதுகில் கணக்குப் போட்டான்.
புது நோட்டில் நான் போட்டதெல்லாம் தப்பு.
எங்களில் யார் தோற்றது என்று
இன்றைக்கும் தெரியவில்லை.

"அஞ்சு மணிக்கு சைட் அடைச்சிரும், அண்ணா."

நலிவடைந்த.
வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன்.
அதில் நானே எழுவாய்.
மழையில் மறந்து வைத்த கருப்பட்டிபோல
நானாகக் கரைந்தேனாம்.

மறுக்கப்பட்ட.
மறுத்தது யார்? ஆள் இல்லை.
மறுத்துவிட்டு
வாசலில் செருப்பைக்கூட விட்டுவைக்காமல்
வாக்கியத்தை விட்டே போயிருக்கிறார்கள்.
தமிழ் இரண்டாம் தாளில்
இதற்கு இரண்டு மதிப்பெண் உண்டு.

ஓடிபி ஷெர்லினின் போனுக்குத்தான் போகும்.
அவள் அண்டி ஆபீஸில், போன் வாசல் பெட்டிக்குள்.
தொலிப்பால் தின்ற அவள் விரலை
ரேஷன் கடை இயந்திரம் நம்புவதில்லை.
விரலை நம்பாத அரசு
போனை நம்புகிறது.

நாலே முக்காலுக்குக் கூப்பிட்டாள்.
"எதுலயாக்கும் போட்டிய?"
"நீ சொல்லு."
"நமக்கு எது சேருமோ அதுல."
"ரெண்டும் சேரும். ஆனா பிள்ளைக்கு நாளைக்கு..."
கொஞ்ச நேரம் பஸ் இரைச்சல் மட்டும்.
பிறகு சிரித்தாள்.
"எதுக்கு இந்த வெப்ராளம்?
வகுப்புல எழும்பச் சொன்னா
நான் போய் எழும்பி நிக்கேன்.
எழுதுங்க: நாலு, பூஜ்யம், ஏழு..."

"ரெண்டாவதுல போடு" என்றேன் ரெம்யாவிடம்,
நினைத்ததைவிடச் சத்தமாக.
வருமானச் சான்று வேண்டாமாம், சாதிச் சான்று போதுமாம்.
இரண்டு நாள் கூலியை விட்டு வாங்கிய தாள்
பைக்குள் திரும்பிப் போனது.
திரையில் ஆஷ்மி,
போட்டோக்காரன் சொன்னதற்கும் முன்பே கண்ணை மூடியவள்.
ஐம்பது ரூபாய். இனிக் குலுக்கல்.

நாற்காலியை விட்டு எழுந்தேன்.
காணிக்கை எண்ணுகிறவர் அதில் உட்காரவில்லை.
கையில் ஏதோ பேரப்பிள்ளையின் படம், மினுங்கும் உறைக்குள்.
தோத்திரம் சொல்லுவார் என்று தலையைக் குனிந்தேன்.
என் காதருகே வந்து
மெல்லக் கேட்டார்:
"நீ எதுல போட்டே?"