இருட்டைக் கும்பிடுகிறவள்

கீழவாசல் எறங்கு, தெற்குவாசல் எறங்கு
என்று கத்துகிறார் நடத்துநர்.
எந்த வாசலிலும் கதவில்லை.
கோட்டைச் சுவரை இடித்து எத்தனையோ காலம்,
பெயர் மட்டும் நிலைப்படி மாதிரி நிற்கிறது.

என் வேலை கதவு.
சொன்னால் சிரிப்பார்கள்.
மாமியாரைப் பொறுத்தவரை நான்
சர்க்கரை நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறேன்.

வெள்ளை அணுவின் தோலில் ஒரு கைப்பிடி உண்டு.
எச்.ஐ.வி. முதலில் அதைப் பிடிக்கும்.
அது மட்டும் போதாது.
பக்கத்தில் இன்னொன்று, தாழ்ப்பாள் மாதிரி,
அதையும் தொட வேண்டும்.
தொட்டதும்
சுருண்டு கிடந்த கொக்கி நிமிரும், பாயும், மடங்கும்,
இரண்டு தோல் ஒரே தோலாகும்.
தட்டுவதில்லை, உடைப்பதில்லை.
சம்பந்தி வீட்டார் போல
உரிமையோடு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தத் தாழ்ப்பாளின் குழிக்குள் போய்
அடைத்துக்கொள்ள ஒரு சின்ன மூலக்கூறு.
பல்கலை நகரில் அதைத்தான் தேடுகிறோம்
நானும் இர்ஃபானும்
மூச்சிரைக்கும் ஒரு பழைய குளிர்பெட்டியும்.
இருநூற்றுப் பதினொன்று செய்தாயிற்று.

பணியாரச் சட்டி பார்த்திருப்பீர்கள்.
அதுபோல ஒரு பிளாஸ்டிக் தட்டு,
தொண்ணூற்றாறு குழி.
குழிக்குக் குழி உயிருள்ள செல்கள்,
செல்லுக்குள் நாங்கள் ஒளித்துவைத்த விளக்கு.
வைரஸ் நுழைந்தால் எரியும்.
நுழையாவிட்டால் இருட்டு.

நாங்கள் விடுவது பெருகத் தெரியாத பொய் வைரஸ்தான்.
அதற்குப் போட்டிருக்கும் சட்டை மட்டும் நிஜம்.
ம-17 என்ற குப்பியிலிருந்து எடுத்தது.

ம-17க்குப் பெயர் கிடையாது என்பது விதி.
ஆனால் பெரியாஸ்பத்திரியில்
ஒப்புதல் தாளை வாசித்துக் காட்டியவள் நான்.
ஒச்சம்மா. செக்கானூரணி.
மாத்திரையைப் பல்பொடி டப்பாவில் போட்டு
மடியில் முடிந்திருந்தாள்.
"அப்ப ஏற்கெனவே உள்ள போனது?" என்றாள்.
அது இருக்கும் என்றேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள்.
"சரி, மிச்ச வீட்டையாச்சும் பூட்டுங்க."
கையெழுத்தில் ச் விட்டுப்போய்
அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

சித்திரை மாதம். ஊர் முழுக்க சீரியல் பல்பு.
ஆற்றுப் பாலம்கூட
நகை போட்டுக்கொண்டு நிற்கிறது.
நான் ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டிய அறையில்
ஒவ்வொரு குழிக்கும் எவ்வளவு வெளிச்சம் என்று
எண் எண்ணாய்ப் படிக்கிறேன்.
எரிகிறது, எரிகிறது, எரிகிறது.

போன மாதம் நூற்றெண்பத்தெட்டு
கும்மிருட்டாக இருந்தது.
இர்ஃபான் ஓடிப்போய் பால்பன் வாங்கிவந்தான்.
பன்னைக் கையில் வைத்தபடியே
நுண்ணோக்கியில் பார்த்தேன்:
செல்கள் உருண்டு மிதந்தன.
வீட்டுக்காரர்கள் செத்த வீட்டிலும்
விளக்கு எரியாது.
பன்னைத் தின்றோம், வீணாக்கவா முடியும்.

இன்றைக்கு இருநூற்றுப் பதினொன்று.
ஆறாம் வரிசை, மூன்றாம் குழி:
பாதி வெளிச்சம்.
அடுத்த குழியில், மருந்து கூடக் கூட,
அதிலும் பாதி.
செல்கள் தரையைப் பிடித்துக்கொண்டு
கைகால் நீட்டிப் படுத்திருக்கின்றன, சௌகரியமாக.

மூன்று முறை செய்து பார்க்காமல்
யாரிடமும் சொல்லக் கூடாது.
தெற்குவாசலை அடைத்தால்
கீழவாசலைத் தேடும் புத்தியும் அதற்கு உண்டு.
எலி இருக்கிறது, குரங்கு இருக்கிறது, காசு இல்லை.
பதினைந்து வருஷம் என்பார்கள், நடந்தால்.
ஒச்சம்மாவின் அடுத்த மாத்திரை
புதன்கிழமை.

கடைசிப் பேருந்தில் வருகிறேன்.
ஜன்னலுக்கு வெளியே அத்தனை விளக்கு,
ஒவ்வொன்றாய் எண்ணிக் கழிக்கிறது மனது,
பழக்க தோஷம்.

"சக்கரைக்கு மருந்து வந்துருச்சா?"
கதவைத் திறந்துகொண்டே மாமியார்.
பாதி வந்திருக்கு, என்றேன்.
தாழ்ப்பாளை நானே போட்டேன்.