ஒரு சொட்டு முன்னால்

பாண்டிக்குப் பெடல் வாங்கப் போகிறேன் என்றதும்
லேப்பில் கிரிஜாவல்லி கேட்டாள்,
சைக்கிளுக்கா?
ஆமாம் என்றேன்.
பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

பையில் இரண்டாயிரத்து முந்நூறு,
சிப்காட்டில் நான்கு இரவுகள் கூடுதலாக நின்ற காசு.
கிடார் இருக்கிறது.
ஆம்ப்பும் இருக்கிறது, ரைஸ் குக்கர் அளவில்.
எல்லாம் சுத்தமாகப் பேசுகிறது, அதுதான் குறை.
கழுவிக் கவிழ்த்த பீக்கர் மாதிரி
கறையே இல்லாத சத்தம்.

மிஷன் வீதியில் மாடிப்படிக்கு அடியில் கடை.
அவர் பெயர் அமலோர் என்று ரசீதில்தான் பார்த்தேன்.
தம்பிக்காம்மா, என்றார்.
எனக்கு.
ஓ, என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

கண்ணாடிக்குள் மூன்று.
சோப்புக் கட்டியை நெடுக்குவாட்டில் அறுத்தால் பாதி.
பெரிய திருகு ஒன்று, சுண்டைக்காய்த் திருகு இரண்டு.
இதுக்குள்ள பேட்டரி போகாதும்மா,
அடாப்டர் தனி, நானூறு,
நடுவுல மைனஸ், பாத்து வாங்கணும்.
சின்னதென்றால் மலிவு என்று வந்தவளுக்குச்
சின்னதற்கும் வால் உண்டென்று புரிந்தது.

பச்சை, ஆயிரத்து எண்ணூறு.
மூக்கடைப்போடு பாடியது.
மூன்று கம்பி சேர்ந்தால்
யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை.

நீலம், இரண்டாயிரத்து அறுநூறு.
நன்றாக இருந்துவிடக் கூடாதே என்றுதான் கேட்டேன்.
நன்றாக இருந்தது.
உடனே கழற்றச் சொன்னேன்.

மஞ்சள், யாரோ விற்றுவிட்டுப் போனது,
மிதித்து மிதித்துப் பெயிண்ட் உரிந்தது,
ஆயிரத்து ஐந்நூறு.

எட்டு வருஷமாய் பியூரெட்டின் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.
சொட்டு. கலக்கு.
சொட்டு. கலக்கு.
நிறமில்லாத நீரில் ரோஜா
ஒரு கணம் வந்து போகும்,
வந்து போகும்,
பிறகு ஏதோ ஒரு சொட்டில்
போக மனமில்லாமல் நின்றுவிடும்.
இன்னும் ஒரு சொட்டு விட்டால் அடர்ந்துவிடும்,
குடுவையைக் கொட்டிக் கழுவி
மறுபடி முதலிலிருந்து.

அதைத்தான் தேடினேன், அந்தப் பெரிய திருகில்.
அமலோர் இரண்டு டீ சொன்னார், குடித்தார்,
ஒரு நாதஸ்வரப் பெட்டிக்கு விலை பேசி முடித்தார்.
நான் மயிரிழை மயிரிழையாகத் திருகினேன்.

மெல்லத் தொட்டால் நீர்.
அழுத்தி அடித்தால் ஓரம் மட்டும் சிவந்து,
விரல் தளர்ந்ததும் தெளிந்தது.

திருகுக்குப் பக்கத்தில் நெயில் பாலிஷில் ஒரு புள்ளி.
முன்பு வைத்திருந்தவருக்கு
அங்கே நின்றிருக்கிறது.
எனக்கு
அதற்கு ஒரு சொட்டு முன்னால்.

யார் விற்றது என்று கேட்க வாயெடுத்து
அடாப்டரை இன்னொரு தடவை சோதிக்கச் சொன்னேன்.

ஆல்பேட்டையில் பஸ்ஸை நிறுத்தினார்கள்.
பாண்டியிலிருந்து வருகிற பைகள் எல்லாவற்றின் மேலும்
ஒரே சந்தேகம்தான்.
கான்ஸ்டபிள் அட்டையைப் பிரித்து
மஞ்சளை எடுத்து மோந்து பார்த்தார்.
காதோரம் குலுக்கினார்.
என்னது இது?
கிடாருக்கு சார்.
என்ன பண்ணும்?
சத்தத்தைக் கொஞ்சம் உடைக்கும்.
உடைஞ்சா ரிப்பேருக்குல்ல குடுப்பாங்க, என்றபடி
பெரிய திருகைக் கட்டைவிரலால்
கடைசிவரை முறுக்கி
என் மடியில் வைத்துவிட்டுப்
பின்சீட்டு மூட்டைக்குப் போனார்.

பஸ் கிளம்பியது.
குலுக்கலில் கை நிலைக்கவில்லை.
புள்ளிவரை கொண்டுவந்து,
தாண்டிப்போய்,
திரும்பி வந்து,
மஞ்சக்குப்பம் இறங்கு என்று கண்டக்டர் கத்தும்வரை
சத்தமே இல்லாத ஒன்றைத்
திருகிக்கொண்டிருந்தேன்.