மற்றவை மாறாதிருக்க

‘மற்றவை மாறாதிருக்க,
விலை ஏறினால் தேவை குறையும்.’
இருபத்திரண்டு வருடம் இதைச் சொல்லிக்கொடுத்தவர்
டாக்டர் குணவதி.

பிறை அடுக்குமாடியின் கீழே,
முடிதிருத்தகத்துக்கும் நாலு நம்பர் கடைக்கும் நடுவே
சேவை மையம் திறந்த அன்று
முதலில் வந்த புகார் லிஃப்ட்.
பதினாலாம் மாடியிலிருந்து அப்பாவின் உடலை
ஆறு பேர் படிவழியே இறக்கினார்களாம்.

நான் மனு எழுதுகிறவன். பேனாவைத் திறந்தேன்.
‘ஒரு மாடிக்கு எத்தனை படி?’
அவர் கேட்டார்.
‘பதினெட்டு’ என்றான் மகன்.
திருப்பத்தில் சுவரோடு
சாய்த்துத்தான் நிறுத்த முடிந்தது என்றான்.

சட்டமன்றத்தில் அவர் வளைகோடு எதுவும் வரையவில்லை.
இருநூற்று முப்பத்து நான்கு படிகள் என்றார்,
உட்கார்ந்தார்.
எதிர்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார்;
சொந்த வரிசையில் மூன்று பேர்.

பதினோரு மாதம் கழித்து லிஃப்ட் வந்தது.
அதற்குள் மகன் பட்டர்வொர்த்துக்குக் குடிபோயிருந்தான்.

அடுத்த தேர்தலில் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோல்வி.
வெள்ளம், வேட்பாளர் பட்டியல் சண்டை,
என் மைத்துனன்கூட
வேறு சின்னத்துக்குத்தான் போட்டான்.

மறுபடி பல்கலைக்கழகம்.
என் மகள் அவர் வகுப்பில்.
‘மற்றவை மாறாதிருக்க’ என்று ஆரம்பித்துவிட்டுச்
சிரித்தாராம்,
வெகுநேரம்.
தேர்வுக்கு வருமா என்று யாரோ கேட்டார்களாம்.

நேற்றிலிருந்து லிஃப்ட் ஓடவில்லை.
மனு எழுதி வைத்திருக்கிறேன்,
‘பெறுநர்’ மட்டும் காலி.