பழுப்பு கறுப்பு சிவப்பு

வியாழக்கிழமை, மின்னணுவியல் ஆய்வகம்.
எட்டுக்கால் சில்லு ஒன்று,
ஒரு மின்தேக்கி, இரண்டு மின்தடை,
தீப்பெட்டி அளவில் ஸ்பீக்கர்.
சரியாகக் கோத்தால் பாடும் என்று
பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள்.
எல்லா மேசையும் பாடிற்று.
மழை விட்ட கண்மாய்க்கரைபோல
அறை முழுக்கச் சில்வண்டு.
என்னுடையது மட்டும்
டக்.
கொஞ்சம் மூச்சு.
டக்.

"பல்லி சொல்லுது" என்றாள் ஜசிந்தா.
"என்ன பலன்?"
"அது உங்க பஞ்சாங்கத்துல இருக்கும்.
எங்களுக்குப் பல்லின்னா பல்லிதான்."
சொல்லிக்கொண்டே ஒரு மின்தடையைப் பிடுங்கினாள்.
"ஆயிரம் கேட்டாங்க, பத்து லட்சத்தைச் சொருகியிருக்கே.
பழுப்பு, கறுப்பு, பச்சை. பாரு."

பார்த்தேன்.
சரியானதை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.
அவள் உள்ளங்கையில்
ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு.
"இதுல எது சிவப்பு?" என்று கேட்டேன்.
சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து
நிறுத்திக்கொண்டாள்.

பதினெட்டு வயதில்
தேவகோட்டை ரஸ்தாவுக்கு இரண்டு கல் தள்ளி
ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் மாடியில்
என் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியவந்தது இப்படி.
காய்த் தக்காளியைப் பறித்துவந்ததற்கு
ஆறு வயதில் அம்மாவிடம் வாங்கிய அடி
அன்றைக்குத்தான் விளங்கிற்று.

அட்டவணை எனக்குத் தலைகீழ்ப் பாடம்.
கறுப்பு பூஜ்யம், வெள்ளை ஒன்பது.
அப்பா வெள்ளைச்சாமி, நான் கருப்பையா.
விடுதியில் என் பெயர் தொண்ணூறு.
வாய்க்குத் தெரிந்தது
கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

காலை எட்டு ஐம்பதுக்குச் சிற்றாலயம்.
கட்டாயமில்லை; ஆனால் மின்விசிறி உண்டு.
பாதருக்குப் பச்சை அங்கி ஒரு காலம்,
சிவப்பு அங்கி ஒரு நாள் என்று
ஜசிந்தா சொல்லித்தான் தெரியும்.
அதுவரை அவரிடம்
மூன்றே அங்கிதான் என்று நினைத்திருந்தேன்.
கண்ணாடி ஜன்னல் வழியே வெயில் விழுந்து
பளிங்குத் தரையில் என்னென்னவோ ஆகும்.
"மாதாவோட காலடியில என்ன நிறம் சொல்லு."
"வெளிச்சம்."
"அது நிறமா?"
"எனக்கு வர்ற அளவு அதுதான்."

பிறகு மல்டிமீட்டர்.
சவரிமுத்து அண்ணன் அலமாரியின் அடித்தட்டில்
முள் ஆடும் பழையது ஒன்று கிடந்தது.
அதைத் தள்ளிவிட்டு
கடன் சொல்லிக் காரைக்குடியில் புதிது வாங்கினேன்.
ஒவ்வொரு மின்தடையையும் அளந்து
டேப்பில் எண் எழுதி ஒட்டினேன்.
மற்றவர்கள் பார்த்துச் சொருகும் நேரத்தில்
நான் கேட்டுச் சொருகினேன்.
கேட்டால் அது வேறு சொன்னது.
ஆயிரம் என்று உடுத்தியிருப்பது
தொள்ளாயிரத்து எண்பத்தேழு.
இன்னொன்று ஆயிரத்துப் பதினாறு.
எதுவும் தன் சட்டையின் அளவுக்குச் சரியாக இல்லை.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர்
ஒன்றை நீட்டி "வாசி" என்றார்.
மீட்டரை எடுத்தேன்.
"மீட்டர் வேண்டாம். நிறத்தைச் சொல்லு."
"தெரியாது சார்."
"படிக்கலையா?"
"பட்டியல் தெரியும் சார். நிறம் தெரியாது."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
என் சுற்று பாடிக்கொண்டிருந்தது,
அவர் பேனா மூடியைத் தேடும்வரை.
இரண்டு மதிப்பெண் போயிற்று.
விதி அப்படி என்றார், கடுமையில்லாமல்.

சாயங்காலம் ரஸ்தாவில் கேட் போட்டிருந்தார்கள்.
ரயில்வே வேலைக்கு விண்ணப்பம் வாங்கிவரச் சொல்லி
அப்பா மறுபடி போன் செய்தார்.
சிக்னல் கம்பத்தில் எது எரிகிறதென்று பார்த்தேன்,
மேலா, கீழா.
"கேக்குதா?" என்றார்.
"கேக்குதுப்பா" என்றேன்.
சட்டைப்பையில் அந்தப் பத்து லட்சம்,
முதல் நாளே திருடிவைத்தது.
எடுத்துப் பார்த்தேன்.
என் கண்ணுக்கு
இன்னும் அது ஆயிரம்தான்.